ஓர் ஈடு வேகும் நேரம்

தன் கையால் செய்த பொருள் வேலை செய்வதை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காத ஒருவரை, அதைச் செய்தவர் என்று சொல்லலாமா? இந்தக் கேள்வியை ரேணுகாம்பாளிடம் கேட்டுவிடலாம் என்று போனால், அவர் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார்.

“அண்ணே! ரெண்டு நிமிசம் தறிய நிறுத்துங்க!”

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தறி இல்லாத வீடு கிடைப்பது கஷ்டம். பக்கத்து வீட்டுத் தணிகாசலம் தறிப் பலகையை ஓங்கி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ரேணுகாம்பாள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும். சுவருக்கு அப்பாலிருந்து பதில் வரும்.

“ஏம்மா, உன் ஒரு சொட்டு ஈயத்துக்கு என் நாடா நிக்கணுமா? முகூர்த்தப் பொடவம்மா. பொண்ணு வூட்டுக்காரன் வாசல்ல குந்திக்கினு கீறான்.”

“குந்தட்டும். கல்யாணம் ஓடிப்போயிடாது.”

தறி நிற்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்த நூல் போன்ற கம்பியை உருகிய ஈயத்தில் ஒரே தோய்ப்பாகத் தோய்த்து எடுப்பார் ரேணுகாம்பாள். கம்பியின் நடுவில் மிளகளவு ஒரு சொட்டு பிடித்திருக்கும். அது இறுகுவதற்குள் இரண்டு செம்பு இழைகளை அதில் செருக வேண்டும். அந்த நேரத்தில் தரை அதிர்ந்தால் சொட்டு கோணிவிடும். இறுகியதும் “ம்” என்பார். அது தணிகாசலத்தின் காதில் விழாது. அவராக ஓர் உத்தேசத்தில் மறுபடி மிதிக்கத் தொடங்குவார். ஏழெட்டு வருடமாக நடக்கிற ஒத்துழைப்பு இது. ரேணுகாம்பாள் இதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதாக யாரும் கேட்டதில்லை.

சொட்டு கோணினால் தூக்கி எறிந்துவிடுவார். கோணின சொட்டும் வேலை செய்யும் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் எறிந்துவிடுவார். இந்த அகம்பாவம் அவரிடம் உண்டு. ஊர்க் கல்லூரியில் பௌதிகச் செய்முறை வகுப்பை அவர்தான் நடத்துகிறார். மேசையில் மை சிந்தின மாணவியை அந்த வாரம் முழுக்கக் கருவியைத் தொட விடமாட்டார். அன்பானவர் என்று சொல்ல அங்கே ஒருவரும் முன்வர மாட்டார்கள். நியாயமானவர் என்று வேண்டுமானால் சிலர் சொல்லக்கூடும், அதுவும் படிப்பு முடிந்து சில வருடம் கழித்து.

அந்தச் சொட்டு என்னவென்று சொல்லிவிட வேண்டும். கம்பி, நியோபியம் என்ற உலோகம். சொட்டு, ஈயமும் வெள்ளீயமும் கலந்தது. இரண்டையும் ஹீலியத் திரவத்தில் இறக்கினால் அவை மீக்கடத்திகள் ஆகிவிடுகின்றன. பனிக்கட்டியின் குளிருக்கும் கீழே இருநூற்று அறுபத்தொன்பது டிகிரி போன குளிர் அது. அங்கே மின்சாரத்துக்குத் தடை என்பதே இல்லை. ஆனால் கம்பிக்கும் சொட்டுக்கும் நடுவே மெல்லிய துருப்படலம் ஒன்று இருக்கிறது. மயிரிழையைப் பல்லாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவு கனம். அந்தப் படலத்தையும் மின்சாரம் தாண்டும், ஆனால் ஓர் அளவுக்குத்தான். வேறு எந்தக் கருவிக்கும் தட்டுப்படாத அற்ப மின்னோட்டம் கம்பி வழியே போனாலும் அந்த அளவு கூடும், குறையும். அதை ஒரு பேனா காகிதத்தில் அலை அலையாக எழுதும். இவ்வளவுதான் கருவி. கம்பியும் துருவும் ஈயமும்.

பெரிய தொழிற்சாலை வேண்டாத கருவி இது. கை வேண்டும், பொறுமை வேண்டும். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் இதைப் பற்றி வந்த கட்டுரையை, எம்.எஸ்ஸி. முடித்து மதராஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில் ரேணுகாம்பாள் படித்தார். தென்னேரியில் நெல் பயிரிடுகிற குடும்பத்திலிருந்து போனவர். அந்த வருடமே செய்துகாட்டினார். ஆண்கள் செய்ததெல்லாம் பழுதானபோது அவர் செய்தவை வேலை செய்தன.

வேலை செய்தன என்று மறுநாள் காலையில் அவரிடம் சொன்னார்கள்.

ஹீலியத்தைத் திரவமாக்கும் இயந்திரத்தை விடியற்காலையில் ஓட்டினால் திரவம் சேருவதற்குள் அந்தி சாய்ந்துவிடும். அளவெடுப்பது அதற்குப் பிறகு. ஆறு மணிக்கு மேல் பெண்கள் ஆய்வுக்கூடத்துக்குள் இருக்கக் கூடாது. இந்த விதி எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதிய விதியை எதிர்த்து வாதாடலாம், திருத்தச் சொல்லலாம், ஆத்திரம் வந்தால் கிழித்தும் போடலாம். எழுதாத விதியை எங்கே போய்ப் பிடிப்பது? அதைச் சொன்னவர்கள் ஒருவரும் முரடர்கள் இல்லை. எல்லாரும் பரிவோடுதான் சொன்னார்கள். “உங்க பாதுகாப்புக்குத்தாம்மா” என்றார் பேராசிரியர். பேப்பரும் பென்சிலும் போதுமே, கணக்குப் பக்கம் வந்துவிடலாமே என்றும் சொன்னார். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று ரேணுகாம்பாள் கேட்டதற்கு அறையில் இருந்த ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மனிதரைத் தம் வேலையிலிருந்து வெளியே தள்ளுவதற்கு இதைவிட மரியாதையான வழியை யாரும் கண்டுபிடித்ததில்லை.

ஒரு வருடம் பார்த்தார். மாலையில் சொட்டைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவது, காலையில் போய் யாரோ எடுத்த அலைப்படத்தைப் பார்ப்பது. பிறகு விட்டுவிட்டு ஊருக்கு வந்து கல்லூரியில் சேர்ந்தார். முருகேசனைக் கல்யாணம் செய்துகொண்டார். ரேணுகாம்பாள் விட்டு வந்த பிறகு ஆய்வுக்கூடத்துப் பேனா அலை எழுதாமல் நேர்க்கோடாகவே எழுதிற்று. கொஞ்ச நாளில் காஞ்சிபுரத்துக்குக் கம்பி வந்தது. கூடவே, சொட்டு செய்து அனுப்பும்படி ஒரு வேண்டுகோளும் வந்தது.

முருகேசன் மதராஸ் பஸ்ஸில் கண்டக்டர். பல்பொடி டப்பியில் தணிகாசலம் வீட்டுப் பட்டுக் கழிவைத் திணித்து, அதற்குள் சொட்டுகளை வைத்து, டிக்கெட் பையில் போட்டுக்கொண்டு போவார். மாலை நடையில் ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார். முதல் நாளே அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். திரும்பி வந்து சோறு தின்றபடி அவர் சொன்னார்.

“புகை புகையா வருது ரேணு. கோயில்ல சாம்பிராணி போட்டாப்ல. அந்தப் பேனா பாட்டுக்கு எழுதிக்கினு இருக்குது.”

ரேணுகாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தார். “உள்ள வுட்டாங்களா?”

“ஏன் வுட மாட்டாங்க? வாட்ச்மேன் நம்ம பஸ்லதான் ஊருக்கு வர்றாரு. திருமுக்கூடல்காரரு.”

“அலை எப்பிடி இருந்துது?”

“பாம்பு ஊர்றாப்ல. மேல ஏறுது, கீழ எறங்குது. ஒரு டீ குடுத்தாங்க, குடிச்சேன்.”

“எத்தினி அலை?”

“அத யாருமா எண்ணிக்கினு இருந்தா?”

முருகேசன் மந்தபுத்திக்காரர் இல்லை. ரேணுகாம்பாளுக்கு எது உறுத்தியது என்று அடுத்த வாரம் புரிந்துகொண்டார். அதன் பிறகு அவர் உள்ளே போகாமல் வாட்ச்மேனிடமே டப்பியைக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கும் திட்டு விழுந்தது. “போய்ப் பாருங்களேன். இந்த வூட்ல ஒருத்தர் கண்ணாவது பாக்கட்டும்.” ஓர் எளிய கண்டக்டர் தேநீர் குடித்தபடி பார்த்ததைப் பார்க்க, அதைச் செய்த பௌதிக ஆசிரியைக்குத் தகுதி இல்லை. இதை நியாயப்படுத்த எந்தத் தத்துவமும் இதுவரை எழுதப்படவில்லை. எழுதினாலும் அதைப் படிக்கக் கூச்சமாக இருக்கும்.

அளவெடுக்கும் வேலை தனசேகரனுடையது. கெட்டிக்காரர், பணிவானவர், உழைப்பாளி. ரேணுகாம்பாளின் சொட்டுகளை வைத்து மூன்று வருடம் அளவெடுத்து டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வேட்டின் பிரதி ஒன்றைத் தாமே பஸ் ஏறி வந்து, தேங்காய் பழத்தோடு கொடுத்தார். முன்பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தது: மாதிரிகள் தயாரிப்பில் உதவிய திருமதி முருகேசனுக்கு.

முருகேசனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “பாத்தியா, டிக்கெட் கிழிக்கிறவன் பேரு டாக்டர் பட்டத்துல ஏறிட்டுது. உன் பேரத்தான் காணோம்.”

“மாதிரி” என்றார் ரேணுகாம்பாள். அந்த ஒரு சொல்லை மட்டும் தனியாக எடுத்து, உரக்கச் சொல்லிப் பார்த்தார். “நான் செஞ்சது மாதிரியாம்.”

இருந்தும் டப்பி போய்க்கொண்டுதான் இருந்தது. ஏன் தொடர்ந்து செய்கிறீர்கள் என்று கேட்டால், “கம்பி வருதே” என்பார். இதை விட்டுக்கொடுத்தல் என்பதா, பிடிவாதம் என்பதா? இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

போன தை மாதத்தில் தனசேகரன் மறுபடி வந்தார். ஒரு வீட்டை நம்பி ஆராய்ச்சி நடத்த முடியாது, செய்முறையைக் கற்றுக்கொண்டு வா என்று பேராசிரியர் அனுப்பியிருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, உன்னிப்பாக உட்கார்ந்தார். ரேணுகாம்பாளும் ஒளிக்காமல் செய்துகாட்டினார். கம்பியைத் துண்டாக்கியதும் தனசேகரன் எழுதிக்கொண்டார். உப்புக்காகிதத்தால் சுரண்டி வெளுப்பாக்கியதும் எழுதிக்கொண்டார். சுரண்டின கம்பியைச் சன்னல் ஓரத்து ஆணியில் தொங்கவிட்டுவிட்டு ரேணுகாம்பாள் அடுப்பங்கரைக்குப் போனார். தனசேகரன் பேனாவை மூடினார்.

ஓர் ஈடு இட்லி வெந்து வந்தது. தனசேகரன் ஆறு சாப்பிட்டார், சட்னி நன்றாக இருக்கிறது என்றார். ரேணுகாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கம்பியை ஆணியிலிருந்து எடுத்தார். தனசேகரன் பேனாவைத் திறந்தார். சுவரைப் பார்த்துக் கத்தல், தோய்ப்பு, சொட்டு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

சித்திரை முடிவதற்குள் திரும்பி வந்து நின்றார். ஆள் இளைத்திருந்தார். டெல்லியிலிருந்து ஒரு குழு கருவியைப் பார்க்க அடுத்த வாரம் வருகிறது. ஆய்வுக்கூடத்தில் செய்தவற்றில் ஒன்றுகூட அலை எழுதவில்லை. எல்லாம் நேர்க்கோடு.

“அப்படியேதான் செஞ்சேன் மேடம். ஈயம் கம்பியை எப்படிப் பிடிச்சிருக்கு தெரியுமா? இழுத்தாலும் வரல.”

“பிடிக்கக் கூடாதே. சுரண்டினதும் இன்னா பண்ணீங்க?”

“தோச்சேன்.”

“ஒடனேவா?”

“ஒடனே. ஈயத்துக்குள்ளயே வச்சு நல்லாத் தேய்ச்சும் விட்டேன். நீங்க நடுவுல சமையல் வேலையாப் போயிட்டீங்க இல்ல? அந்த நேரத்தை நான் மிச்சம் பண்ணிட்டேன்.”



“தனசேகரன், அன்னிக்கு நான் யாருக்கு இட்லி வச்சேன்னு நெனச்சீங்க?”

“எனக்குத்தான் மேடம்.”

“கம்பிக்கு.”

தனசேகரனுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது முகம் கறுத்துப்போனது. சுரண்டின கம்பி காற்றில் இருந்தால்தான் துருப்படலம் உண்டாகும். எவ்வளவு நேரம் என்பதை ரேணுகாம்பாள் பல மாதம் தோற்றுக் கண்டுபிடித்திருந்தார். அது ஓர் ஈடு வேகும் நேரம். மழை நாளில் ஆவி வந்ததுமே அடுப்பை அணைத்துவிடுவார். கடிகாரம் வைத்தும் செய்யலாம். ஆனால் கல்லூரிக்குப் போகுமுன் வீட்டு வேலையும் முடிய வேண்டும் அல்லவா?

“நீங்க சொல்லியிருக்கலாமே மேடம்.”

“நீங்க கேட்டிருக்கலாமே. நடுவுல துரு வேணும், துரு வேணும்னு உங்க ஆய்வேட்டுல பக்கம் பக்கமா எழுதினீங்க. அது எங்கேருந்து வந்து ஒட்டிக்கும்னு நெனச்சீங்க? பேனாவ ஏன் மூடினீங்க?”

துருவின் கணக்கு தனசேகரனுக்கு ரேணுகாம்பாளைவிடவும் நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு பெண் அடுப்பங்கரைக்குப் போவது பரிசோதனையின் ஒரு படியாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்துக்கொண்டே பேனாவை மூடினார். அறியாமையைக் கற்பித்துத் தீர்க்கலாம். இதை எதைக் கொண்டு தீர்ப்பது?

“சரி மேடம், இந்தத் தடவை டப்பி குடுத்து விடுங்க. குழு போன பிறகு...”

“டப்பி வராது. நான் வர்றேன்.” ரேணுகாம்பாள் எழுந்து நின்றார். “குளுமைல நான் எறக்கணும். சுவிட்ச நான் போடணும். பேனா எழுதறத என் ரெண்டு கண்ணால நான் பாக்கணும். இனிமே அந்த ஆறு மணிப் பேச்சே அங்க இருக்கக் கூடாது. போய் உங்க சார்கிட்ட சொல்லுங்க.”

வரச் சொல் என்று பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. குழு வருவதற்கு முதல் நாள் வெள்ளோட்டம். அன்று முருகேசன் கஞ்சி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். பஸ்ஸில் மனைவிக்குப் பக்கத்து இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. பூந்தமல்லியில் ஏறின ஒரு காய்கறிக்காரர் கூடையோடு நின்றுகொண்டு, “இன்னா கண்டக்டரு, அந்தம்மா இன்னா மந்திரியா?” என்றார்.

“மந்திரியெல்லாம் சின்ன வேலப்பா. எங்க வூட்டம்மா ஹீலியம் பாக்கப் போவுது.”

“அது எந்த ஊர்ல கீது?”

பஸ் முழுக்கச் சிரித்தது. ரேணுகாம்பாளும் சிரித்தார். மடியில் டப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

ஆய்வுக்கூடத்து வாசலில் சித்தாரா எதிரே வந்தாள். காஞ்சிபுரத்தில் ரேணுகாம்பாளிடம் திட்டு வாங்கிப் படித்து, அந்த வருடம்தான் அங்கே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

“எங்க கெளம்பிட்ட? இன்னிக்கு ஹீலியம் இருக்குதே.”

“ஆறு ஆகப் போவுதே மேடம். ஆஸ்டலுக்குப் போறேன்.”

“அதான் இனிமே கெடையாதுன்னு...”

“உங்களுக்கு மட்டுந்தான் மேடம் பர்மிஷன். என்னைக் கணக்குப் பக்கம் போயிடுன்னு சொல்லிட்டாங்க.” பிறகு, குரலைத் தணித்துக்கொண்டு, “நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க மேடம்” என்றாள்.

ரேணுகாம்பாள் அவள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

பேராசிரியர் வாய் நிறைய வரவேற்றார். “வாங்கம்மா, வாங்க! இன்னிக்கு உங்களுக்காக எல்லாத்தையும் தளர்த்தியாச்சு.”

“இன்னிக்கு மட்டுமா சார்?”

“மொதல்ல இன்னிக்கு நல்லபடியா நடக்கட்டும்மா.”

ரேணுகாம்பாள் நீளமான குழாயின் நுனியில் சொட்டைப் பொருத்தி, ஹீலியக் குடுவைக்குள் தாமே இறக்கினார். அவசரப்படாமல், விரல் விரலாக இறக்கினார். குடுவையின் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை கொட்டித் தரையில் பரவியது. சுற்றி ஆண்கள் கை கட்டி நின்றார்கள். வெளியே எங்கோ மணி ஆறு அடித்தது. யாரும் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தனசேகரன் நாற்காலி ஒன்றை இழுத்து, எழுதும் கருவிக்கு நேர் எதிரே போட்டார்.

“இங்க உக்காருங்க மேடம். இங்கேருந்து நல்லாத் தெரியும். சுவிட்ச் இதோ, உங்க கைக்குப் பக்கத்துல.”

அடுத்து தாம் செய்ததற்கு ரேணுகாம்பாள் இன்றுவரை யாரிடமும் காரணம் சொல்லவில்லை. முருகேசன் கேட்டுப் பார்த்துவிட்டார், சித்தாராவும் கேட்டுவிட்டாள். கம்பி இப்போதும் வருகிறது, டப்பி இப்போதும் போகிறது, தணிகாசலத்தின் தறி இப்போதும் நடுவில் நிற்கிறது. அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறார்.

அன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தாரா போன வாசல் பக்கம் ஒருமுறை திரும்பினார். காகிதத்தை ஒருமுறை பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, பேனா ஓரத்தில் தயாராக நின்றது. அவர் போட்டிருந்தது தடித்த கண்ணாடி. அது இல்லாவிட்டால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறவர் முகம்கூட அவருக்கு அடையாளம் தெரியாது. அதைக் கழற்றினார். புடவைத் தலைப்பால் துடைக்கப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் துடைக்கவில்லை. மடக்கி, கைப்பைக்குள் வைத்து, பையை மூடினார். பிறகு மேசை மேல் கையால் துழாவிச் சுவிட்சைக் கண்டுபிடித்து, அதைப் போட்டார்.